மூணாம் ரூம் சருகு

அந்த ரூமைக் கூட்டினது நான்தான் சார். அஃப்ரின் மேடம் இல்ல. காளான் வந்து சருகு அழிஞ்சதுன்னு மேடம் ரிப்போர்ட்ல எழுதி வச்சிருக்காங்களாமே, அது சுத்தப் பொய். வெளக்குமாறு புடிச்ச கை இதான். நல்லாப் பாத்துக்குங்க.

ரெக்கார்டர் ஓடுதா? ஓடட்டும். பேரு மோனிஷா, வயசு நாப்பத்தொண்ணு. இந்தத் தவளை மையத்துல பதினாலு வருசமா துப்புரவு வேலை. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். பதினொன்றரைக்குள்ள என்னைய விட்டுடணும். வார்டுல ஏழாம் நம்பர் கட்டில்ல பிள்ள பசியோட இருக்கும். இந்தத் தூக்குல இருக்கறது அதுக்குத்தான். இடியாப்பம், தேங்காப்பால் ஊத்தி சீனி தூவினது. ஆறிப்போனா தொண்டையில எறங்காது.

நடுவுல கேள்வி கேக்காதீங்க. நானே இப்பத்தான் மனசத் தேத்திக்கிட்டு வாயத் தொறந்திருக்கேன். நிறுத்தினா மறுபடி வராது.

நான் இந்த மலையில பொறந்தவ. அப்பா அம்மா ரெண்டு பேரும் டீக்காட்டுல வேலை. வெயில் ஏறி ஏறி செடியெல்லாம் கருகி எஸ்டேட்டை மூடினாங்க. காலியாக் கெடந்த ஃபேக்டரியிலதான் தவளைங்களக் கொண்டாந்து வச்சாங்க. கொழுந்து வாட்டுன மாடியில வரிசையா கண்ணாடித் தொட்டி. கட்டைவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெருசு, அம்புட்டுதான் ஒவ்வொண்ணும். ஒடம்பு பழுத்த மிளகா நெறம், காலு மட்டும் நீலம். நாங்க மிளகாத் தவளைன்னுதான் சொல்லுவோம். கடலுக்கு அந்தப் பக்கம் எங்கயோ ஒரு காட்டுல இருந்துச்சாம். காடு எரிஞ்சுபோச்சு. எரியறதுக்கு முன்ன அள்ளிட்டு வந்த அறுபதும், அது பெத்துப் போட்டதும்தான் இந்த ஒலகத்துல மிச்சம்.

அதோட தோலுல வெஷம். அந்த வெஷத்துல இருந்து எடுக்கற சொட்டுதான் சுடுநரம்புக்கு மருந்து.

சுடுநரம்புன்னா உங்களுக்குப் பேப்பர்ல படிச்சுத்தான் தெரியும், இல்லையா? ரெண்டாயிரத்து ஐம்பத்தேழாம் வருச வெயிலுக்குப் பொறவு பிள்ளைங்களுக்கு வந்துச்சே, அது. எம்மவ குயிலிக்கு ஆறு வயசுல வந்துச்சு. காத்து பட்டா கத்துவா. பாவாடை நாடா உரசினா கத்துவா. நான் தொட்டா கத்துவா. ஒடம்பு பூரா நடுங்கிக்கிட்டே இருக்கும். பெத்தவ தொட்டா அலர்ற பிள்ளைய என்ன சார் பண்றது? வேற எந்த மருந்துக்கும் அந்த வலி மசியல. இந்தச் சொட்டு ஒண்ணு நாக்குக்கு அடியில விட்டா நாலு நாளு. அந்த நாலு நாளும் பிள்ள தானா வந்து எம்மடியில படுப்பா. தலை வாரி விடுவேன், பேன் பாப்பேன். "அம்மா, இன்னும் கொஞ்சம் அமுக்கிக் கட்டிக்கோ"ன்னுவா. எனக்கு வேற சாமி வரம் எதுவும் வேணாம்னு இருந்தேன்.

கீழ வார்டுல மொத்தம் பதினோரு கட்டில். குயிலி ஏழாவது, ஜன்னலோரம்.

அஃப்ரின் மேடத்தப் பத்திச் சொல்லணும். படிச்ச திமிரு துளிகூடக் கெடையாது. நான் கண்ணாடி தொடைக்கிறப்ப பக்கத்துல நின்னு தவளைக் கதையெல்லாம் சொல்லுவாங்க. ஒரு நாளு பொம்பளத் தவளை ஒண்ணு முதுகுல தலைப்பிரட்டையச் சொமந்துக்கிட்டு கம்புல ஏறிக்கிட்டு இருந்துச்சு.

"எங்க மேடம் தூக்கிட்டுப் போகுது?"

"தண்ணிக்கு. முட்டைய எலை மேல போடும். காயாம ஈரம் பண்றது ஆம்பளை வேலை. பொரிஞ்சதும் அம்மா வந்து ஒவ்வொண்ணா முதுகுல ஏத்தி, தண்ணி தேங்குன எடத்துக்கு ஒண்ணுன்னு விட்டுடும். காட்டுல எலைக்கணுவுல தண்ணி நிக்கும். இங்க நம்ம டீ கப்பு."

ஃபேக்டரியில டீய ருசி பாக்கறதுக்கு வச்சிருந்த வெள்ளைக் கப்புங்க அது. கம்புல கட்டித் தொங்க விட்டிருந்தாங்க.

"எல்லாத்தையும் ஒரே கப்புல விட்டா அதுக்கு அலைச்சல் மிச்சம்ல?"

"விட்டா ஒண்ண ஒண்ணு தின்னுடும் மோனிஷா."

"அடப்பாவிகளா! சரி, சோத்துக்கு?"

"அம்மாதான். ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா ஒவ்வொரு கப்பா வந்து, கரு இல்லாத முட்டைய போட்டுட்டுப் போகும். அதுதான் சாப்பாடு, வேற எதையும் தொடாது. அம்மா தண்ணியில எறங்கினதும் பிரட்டை ஒடம்ப வெறச்சுக்கிட்டு கிடுகிடுன்னு நடுங்கும். நான் இருக்கேன், குடுன்னு அர்த்தம்."

"இத்தனை கப்புல தம்பிள்ள எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கும்?"

மேடம் சிரிச்சாங்க. "பிள்ளையத் தெரியாது. எடத்தைத்தான் தெரியும். அந்த எடத்துல யாரு பிள்ள நடுங்கினாலும் ஊட்டும். சொந்தப் பிள்ளைய ஒரு சாண் தள்ளி வச்சுட்டா, பாக்காமப் போயிடும்."

"நல்ல அம்மாதான் போங்க. எங்க எஸ்டேட் லைன் வீட்டுல இப்படி ஒருத்தி இருந்திருந்தா வெளக்குமாத்தால சாத்தியிருப்பாங்க"ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம்.

இவ்வளவும் சொன்ன மனுசி ஒண்ண மட்டும் சொல்லல. அந்தத் தவளைக்கு வெஷம் எங்கேருந்து வருதுன்னு.

மூணாம் ரூம்ல ஒரு பெரிய தொட்டி, ரூம் அகலத்துக்கு. அடியில முழங்கா உசரத்துக்கு மக்குன சருகு. எட்டுத் தாய்த் தவளைங்களும் கப்புங்களும் அதுலதான். மேடம் தெனம் ஒரு பிடி சருகு அள்ளிட்டுப் போயி மத்தத் தொட்டியில போடுவாங்க. ஏதோ ஒரம்னு நெனச்சேன். நான் வேலைக்குச் சேந்தப்பவே சொல்லிட்டாங்க. "மூணாம் ரூமைக் கூட்ட வேணாம் மோனிஷா. அது எவ்வளவு பெருசு, ஒங்களுக்கு முதுகு வலி வேற. நான் பாத்துக்கறேன்."

எனக்கு முதுகு வலி இருக்கறது நெசம். அதனால நம்பிட்டேன். இம்புட்டு நல்ல மனசான்னு வீட்டுல போயிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கிட்டேன்.

போன ஆயுத பூஜைக்கு மேடம் ரெண்டு நாளு மீட்டிங்குன்னு கோயம்புத்தூர் போயிட்டாங்க. எங்க மையத்துல ஆயுத பூஜைன்னா ஒரு மூலை பாக்கி விடமாட்டோம். ஜெனரேட்டர் பாத்துக்கற லாரன்ஸ் அண்ணன் ஞாயித்துக்கெழம தவறாம சர்ச்சுக்குப் போறவரு. ஆனா ஜெனரேட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைக்காம விடமாட்டாரு. பொரி, பூசணிக்கா, வாழைக்கன்னு எல்லாம் அவரே வாங்கிட்டு வந்துட்டாரு. பைப்பு, பம்பு, தொடைக்கற குச்சி வரைக்கும் கழுவிப் பொட்டு வச்சாச்சு. மூணாம் ரூம் மட்டும் பாக்கி.

"மேடம் வேணாம்னாங்களே தாயி"ன்னாரு அண்ணன்.

"என் முதுகுக்காகச் சொன்னாங்க அண்ணே. பதினோரு பிள்ளைக்கு மருந்து வர்ற ரூமு. வருசத்துல ஒரு நாளு அதை அழுக்கா விட்டா தெய்வம் எப்படி எட்டிப் பாக்கும்?"

உள்ள போயி ஒரு கை சருகு எடுத்துப் பாத்தேன். எலைக்கு அடியில ஊசி மொனை பருமன்ல செவப்புச் செவப்பா ஊருது. சிவப்புச் சிலந்தி! டீக்காட்டுல பொறந்தவளுக்கு அதைத் தெரியாம இருக்குமா? ஒரு செடியில ஏறிச்சுன்னா ஒரு பாத்தியே போச்சு. எலையப் பறிச்சுக் குமிச்சு எரிக்கணும், ஒண்ணு மிஞ்சினாலும் மறுபடி வரும். நாங்க எழுத்துப் படிக்கறதுக்கு முன்ன படிச்ச பாடம் அதான் சார். ஐயோ, மேடத்துக்கு இது தெரியாதே, பட்டணத்துல படிச்சவங்களாச்சே, தவளையெல்லாம் செத்துப்போனா எம்பிள்ள கதி என்னன்னு வலையத் தேடி ஓடினேன்.

தவளைங்கள வலையில புடிச்சு வாளியில விட்டேன். கப்புங்கள அவுத்து ஓரமா வச்சேன். பதினோரு சாக்கு சருகு. முதுகு ஒடிஞ்சுபோச்சு. பாய்லருக்குப் பின்னாடி கொட்டிப் பத்த வச்சேன். தொட்டியில கொதிக்கக் கொதிக்கத் தண்ணி ஊத்தி, மஞ்சத் தண்ணி தெளிச்சு, ஆறினப்புறம் தவளைங்கள விட்டேன். தாறுமாறாத் தொங்கிட்டு இருந்த கப்புங்கள பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மாதிரி நேர் வரிசையாக் கட்டினேன். கண்ணாடியில பொட்டு வச்சுக் கும்பிட்டேன். பதினோரு பிள்ளைக்கும் சேத்துத்தான் கும்பிட்டேன். அதையும் எழுதிக்குங்க.

மறாநாளு மத்தியானம் மேடம் வந்தாங்க. நானே கூட்டிட்டுப் போயி கதவைத் தொறந்து காட்டினேன். பாராட்டுவாங்கன்னு நெனச்சேன் சார். பாராட்டுவாங்கன்னு.

"சருகு எங்க மோனிஷா?"

"எரிச்சுட்டேன் மேடம். சிவப்புச் சிலந்தி விழுந்திருந்துச்சு. நீங்க கவனிக்கல."

அவங்க கத்தல. பொசுக்குனு தரையில ஒக்காந்துட்டாங்க. அப்பறம் எழுந்து பாய்லர் பக்கம் ஓடி, சாம்பலுக்குள்ள கைய விட்டு தொழாவினாங்க. கருகாத எலை ரெண்டு பிடி கெடச்சுச்சு. ஒவ்வொண்ணா லென்சு வச்சுப் பாத்தாங்க. ஒண்ணும் அசையல.

"தவளைக்கு வெஷம் தானா ஊறாது மோனிஷா"ன்னாங்க. கண்ணைத் தொடைச்சதுல முகமெல்லாம் சாம்பல். "அந்தச் செவப்புப் பூச்சியத் தின்னாத்தான் வரும். பூச்சியோட வெஷத்தத் தவளை தோலு ஒரு சின்ன மாத்து மாத்துது. அந்த மாத்துதான் மருந்து. மெஷின்ல செஞ்சு பாத்தாங்க, ஆளைக் கொன்னுச்சு."

"சரி மேடம், வேற பூச்சி வரவழைச்சிடலாம். எங்க இருக்குன்னு சொல்லுங்க, நான் போயி எடுத்துட்டு வரேன்."

"எங்கயும் இல்ல. காட்டோட போச்சு. மிச்சம் இருந்தது அந்தத் தொட்டியில மட்டும்தான். மத்தத் தொட்டியில போட்டதெல்லாம் அன்னன்னிக்கே தவளை தின்னு தீத்துடும்."

"இம்புட்டுப் பெரிய விசயத்த எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. ஒங்க கிரேடுல யாருக்கும் தெரியக் கூடாது, வெளிய போயிடும்னு. கூட்ட வேணாம்னு சொன்னாப் போதும்னு நெனச்சேன்."

எனக்கு வந்துச்சே கோவம்! "எம்முதுகுக்கு எரக்கப்பட்ட மாதிரி பேசினீங்களே மேடம்! நெசத்தச் சொல்லியிருந்தா அந்த ரூம் வாசல்ல நாயா படுத்துக் காவ காத்திருப்பேனே! எம்பிள்ள உசுரு அதுக்குள்ள இருக்குன்னு எனக்குத் தெரியக் கூடாதா?"ன்னு கத்தினேன். அப்பறம் ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் புடிச்சுக்கிட்டு அழுதோம்.

நீங்க தலைய ஆட்டறீங்க. இன்னொரு தொட்டி வேணும், ஒரே எடத்துல வைக்கறது ஆபத்துன்னு அவங்க நாலு வருசமா உங்க ஆபீசுக்கு எழுதிக்கிட்டு இருந்தாங்களாமே, அந்தக் கடுதாசியெல்லாம் உங்க ஃபைல்ல இருக்கா? பாத்துக்குங்க.

அன்னிக்கு சாயங்காலம் தாய்த் தவளைங்க ஊட்ட வந்துச்சு. பழைய எடத்துக்கு ஏறிச்சு. அங்க கப்பு இல்ல. வெறுங்கம்பச் சுத்திச் சுத்தி வந்துச்சு. கையகலம் தள்ளி வரிசையில பிரட்டைங்க தண்ணிக்குள்ள நடுங்குது. ஒண்ணு கூட அந்தப் பக்கம் திரும்பல சார். மேடம் பழைய போட்டோவ வச்சு ஒவ்வொரு கப்பா மறுபடி எடம் மாத்திக் கட்டினாங்க. அதுக்குள்ள பாதி செத்துப்போச்சு. நாலாம் நம்பர் தாயோட பிரட்டை செத்த எடத்துல வேற ஒரு தாயோட பிரட்டைய விட்டாங்க. நாலாம் நம்பரு வந்துச்சு, எறங்குச்சு, முட்டையப் போட்டுச்சு, போயிடுச்சு. நான் கிட்ட நின்னு பாத்தேன். ஏனோ அந்தத் தவளை மேல எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்.

தோலுல ஏற்கெனவே ஊறியிருந்த வெஷம் கொஞ்ச நாளைக்கு வந்துச்சு. நாலு நாளைக்கு ஒரு சொட்டு ஆறு நாளாச்சு, அப்பறம் பத்து நாளாச்சு. வார்டுல எல்லா அம்மாமாருகிட்டயும் மேடம் காளான் நோவுன்னு சொல்லிட்டாங்க. எட்டாம் கட்டில் பிள்ளையோட அம்மா எனக்குத் தெனம் டீ ஊத்திக் குடுப்பா. "காளானுக்குக் கண்ணு அவிஞ்சுபோக, எந்தப் பாவி காலு பட்டுச்சோ"ன்னு அழுவா. நான் டீயக் குடிச்சுக்கிட்டு கம்முனு இருப்பேன். அந்த டீய எப்படி முழுங்கினேன்னு எனக்கே தெரியல.

மார்கழியில மேடம் கடைசிச் சொட்டோட வந்தாங்க. ஒரே ஒரு பிள்ளைக்குத்தான். சீட்டுக் குலுக்கிப் போட்டோம். ஏழுன்னு வந்துச்சு. அப்ப நான் என்ன செஞ்சிருக்கணும்? வேணாம், எட்டுக்குக் குடுங்கன்னு சொல்லியிருக்கணும். கெடுத்தவ நானு. வாயி வரைக்கும் வந்துச்சு சார். ஆனா குயிலி கட்டில்ல கெடந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. வாங்கிக்கிட்டேன். எட்டாம் கட்டில்காரி என் தோளத் தட்டி, "ஒம்மகளாவது நல்லாருக்கட்டும்"னு சொன்னா. அந்தச் சொல்லு இன்னும் நெஞ்சுல முள்ளாக் குத்துது.

நாலு நாளு. குயிலி எம்மடிய விட்டு எறங்கல. "ஏம்மா என்னையே பாக்கற?"ன்னு கேட்டா. "அழகா இருக்கியே, அதான்"னேன்.

அஞ்சாம் நாளு மறுபடி நடுக்கம். அதுக்குப் பொறவு பத்தொம்போது நாளு. இடியாப்பத்த நீளக் கரண்டியில வச்சு, ஒதட்டுல படாம உள்ள தள்ளுவேன். தொண்டையில எறங்கற வலிக்குக் கத்துவா. அப்பறம் கத்தறதுக்கும் தெம்பில்ல. தை பொறந்து மூணாம் நாளு காலையில போயிட்டா. பக்கத்துலதான் இருந்தேன். தொட்டா வலிக்குமேன்னு கைய மடியில கட்டிக்கிட்டு இருந்தேன் சார். மூச்சு நின்னதுக்கு அப்புறம்தான் அவளை அள்ளி மடியில வச்சேன். அமுக்கிக் கட்டிக்கிட்டேன். அவ ஒண்ணும் சொல்லல.

ஆமா. செத்துப்போயிட்டா. உங்க மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? பேப்பர்ல இருக்குமே.

அப்பறம் எட்டாவது போச்சு. ரெண்டாவது, பதினொண்ணாவது. மத்ததுங்க கெடக்குதுங்க. தவளைங்க நல்லாத்தான் இருக்கு. பழ ஈயத் தின்னுட்டு முன்னைய விட மொழுமொழுன்னு இருக்குதுங்க. நெறம் மாறல. முன்னெல்லாம் ரெண்டு கையுறை போட்டுத்தான் தொடுவோம். இப்ப வெறுங்கையில எடுத்து வச்சுக்கலாம், ஒண்ணும் செய்யாது. நேத்துக்கூட உள்ளங்கையில வச்சுப் பாத்தேன். அந்த நாலாம் நம்பர் தாயி இன்னும் தப்பாம அந்த எடத்துக்குப் போயி ஊட்டிக்கிட்டுத்தான் இருக்கு.

மேடம் பொய் சொன்னது என்னைக் காப்பாத்த. அவங்க வேலைய எடுத்துட்டீங்கன்னு லாரன்ஸ் அண்ணன் சொன்னாரு, அதான் வந்தேன். அவங்கள விட்டுடுங்க. அவங்க பண்ண தப்பு ஒண்ணுதான், எங்கிட்ட நல்லவிதமாப் பேசினது. என்னைய என்ன வேணாலும் பண்ணிக்குங்க.

இப்பக் கேளுங்க, என்ன கேக்கணும்?

ஓ, இந்தத் தூக்கு யாருக்குங்கறதா. வார்டு சிஸ்டர் எழுதிக் குடுத்துட்டாங்களா?

குயிலிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறாநாளு காலையில எழுந்தேன். மாவு பெசைஞ்சேன், இடியாப்பம் புழிஞ்சேன், தூக்குல போட்டேன். வார்டுல ஏழாவது கட்டில் கிட்ட போயி நின்னப்பத்தான், நாம என்ன பண்றோம்னு ஒறைச்சுது. திரும்பலாம்னு பாத்தா கட்டில்ல ஒரு பிள்ள. பொண்ணு, நாலு வயசு இருக்கும். கீழ ஏதோ ஊருலேருந்து கொண்டாந்து விட்டுட்டு அதுக்கு ஒறமொறைன்னு யாரும் வரலையாம். என்னையப் பாத்ததும் ஒடம்ப வெறச்சுக்கிட்டு நடுங்குச்சு.

சிஸ்டர் வந்து, "அக்கா, அது ஒங்க பிள்ள இல்லக்கா"ன்னாங்க. தெரியும் சிஸ்டர்னேன். எனக்கு என்ன பைத்தியமா?

அது பேரு கேக்கல. மருந்து இல்லாத ஊருல அது எத்தனை நாளுன்னும் கேக்கல. கரண்டிய எடுத்தேன்.

மணி பதினொண்ணே கால் ஆச்சு சார். கையெழுத்து எங்க போடணும்னு காட்டுங்க. தேங்காப்பால் ஆறிக்கிட்டு இருக்கு.